பூவராகன் தன் மானத்தைத் தானே ஏற்றிய கதை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் சொன்னவர்களுக்கே தெரியாத ஒரு காலத்தில், ஒரு நாட்டு மன்னர் தம் மீசையை மாற்றி வைத்துக்கொண்டார். அதுவரை கீழ்நோக்கித் தொங்கிய மீசையை மேல்நோக்கி முறுக்கிவிட்டு, யானைமேல் ஏறி நகர்வலம் வந்தார். தேரடியில் வெற்றிலைக் கடை முன்னால் நின்ற சிலர் சிரித்தார்கள். யானையைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். தங்களுக்குள் எதையோ பேசிச் சிரித்திருக்கலாம். மன்னருக்கு மட்டும் அது தம் மீசையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாகவே பட்டது.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சபை கூடியதும் சொன்னார்:

"நமது கோட்டைக்குக் காவல் இருக்கிறது. களஞ்சியத்துக்குக் காவல் இருக்கிறது. மானத்துக்கு மட்டும் காவல் இல்லை. எமது மானமும், எமது சோற்றைத் தின்று எமக்கு ஊழியம் செய்யும் ஒவ்வொருவர் மானமும் இன்றுமுதல் அரசுடைமை. அதை எவன் இறக்கினாலும் அவனுக்குச் சிறை."

நீதிபதி சபாபதியார் உடனே சட்டம் எழுத உட்கார்ந்தார். சொல்லால் இறக்கினாலும் குற்றம், சைகையால் இறக்கினாலும் குற்றம், படம் வரைந்து இறக்கினாலும் குற்றம், எதையாவது காட்டி இறக்கினாலும் குற்றம் என்று அது வளர்ந்தது. இறக்கியவனே மறுபடி ஏற்றவும் வேண்டும் என்றார் சபாபதியார். கரையை உடைத்தவன்தானே அடைக்க வேண்டும். ஆகவே குற்றவாளி, முரசு முழங்க, நகரத்தின் நான்கு முனைகளிலும் நின்று, தான் இழிவுபடுத்தியவரைப் புகழ வேண்டும். புகழும்வரை சிறை.

அந்தச் சபையில் பூவராகன் என்று ஒரு விகடன் இருந்தான். விகடன் என்றால் துள்ளிக் குதிக்கிற ஆள் என்று நினைக்க வேண்டாம். பயந்தவன். எதையும் ஒழுங்காக யோசித்துச் செய்கிறவன். மன்னர் ஒருமுறை சிரித்தால், அது நகைச்சுவைக்கா அல்லது தன் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொள்வான். பிறரைக் கிண்டல் செய்யத் துணிச்சல் இல்லாததால் அவன் தன்னையே கிண்டல் செய்வதைத் தொழிலாக வைத்துக்கொண்டிருந்தான். தினமும் சபை அப்படித்தான் தொடங்கும். "நேற்று நான் சொன்ன நகைச்சுவைக்கு எங்கள் வீட்டுக் கழுதை இன்று காலையில்தான் சிரித்தது, மன்னா. அதற்கு இப்போதுதான் புரிந்ததாம். எனக்கு இன்னும் புரியவில்லை." மன்னர் சிரிப்பார். அதன்பிறகுதான் அரசாங்க வேலை.

சட்டம் வாசிக்கப்பட்டபோது பூவராகன் மெல்ல எழுந்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். சொன்னது உண்மையாக இருந்தால்?"

"உண்மையாக இருந்தால் போதாது" என்றார் சபாபதியார். "நாட்டுக்கு நன்மையாகவும் இருக்க வேண்டும்."

"நன்மையா இல்லையா என்று யார் சொல்வது?"

"எவருடைய மானம் இறங்கியதோ அவர்தான். அவரைவிட அதைப் பற்றி நன்றாக அறிந்தவர் யார்?"

பூவராகன் உட்கார்ந்துவிட்டான். தனக்குத்தான் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு எப்போதும் முதலில் வருகிற நினைப்பு அதுதான்.

சட்டம் வந்தபிறகு அரண்மனை ஒரே அமைதி. எல்லாரும் எல்லாரையும் "பிரமாதம்" என்றார்கள். அரண்மனைக் கண்ணாடிகளுக்குப் பொறுப்பான சேவகன், 'எதையாவது காட்டி இறக்கினாலும்' என்ற வரியைக் கேட்ட நாளிலேயே எல்லாக் கண்ணாடிகளின் மேலும் பட்டுத்துணியைப் போர்த்தித் தைத்துவிட்டான். மன்னர் கேட்டதற்கு, "தங்கள் அழகைக் கண்ணாடி தாங்காது, பிரபு" என்று சொல்லிவிட்டான். மன்னருக்கு அது பிடித்துப் போயிற்று.

சட்டத்தால் மிகவும் சந்தோஷப்பட்டவர் வீழிநாதர். அரண்மனை அன்னசத்திரத்தின் அதிகாரி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் கூலி ஆட்களுக்கும் மன்னர் பெயரால் தினமும் உச்சிவேளையில் கஞ்சி ஊற்றும் சத்திரம் அது. அரிசியும் நெய்யும் அரண்மனையிலிருந்து போகும். அதிகாரியின் மைத்துனர் கடைவீதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் நெய் மணக்கும்.

சட்டத்தில் முதலில் சிக்கியவள் அங்காயி. அவள் அம்மி கொத்துகிறவள். தேய்ந்து வழுவழுத்துப்போன அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கொடுப்பது அவள் தொழில். தெருமுனையில் நின்று "அம்மி கொத்தலையோ அம்மி" என்றால் கடைசி வீட்டுக் கொல்லையில் கேட்கும். அப்படிப்பட்ட குரல். ஒருநாள் சத்திரத்தில் கஞ்சி வாங்கினாள், குனிந்து பார்த்தாள், அதே குரலில் சொன்னாள்:

"இதென்னய்யா கஞ்சி, என் மூக்குத்தி தெரியுது. கல்லு போச்சுன்னு இப்பத்தான் பாக்குறேன்."

நாலு தெருவுக்குக் கேட்டது. நாலு தெருவும் சிரித்தது. மாலைக்குள் அங்காயி சிறையில் இருந்தாள்.

நான்கு முனைகளிலும் கஞ்சியைப் புகழ்ந்துவிட்டால் விட்டுவிடுவார்கள். அவளோ முடியாது என்றாள். அவளைப் புகழ வைத்தே தீர வேண்டும் என்று வீழிநாதருக்குப் பிடிவாதம். அவள் புகழும்போது கூட்டம் இடையில் புகுந்து கேலி செய்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே மன்னரிடம் ஒரு விதியும் வாங்கிவைத்தார். முரசு முழங்கப் புகழும்போது யாரும் குறுக்கிட்டு நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அவருக்கும் சிறை. அதோடு, வருகிற அமாவாசைக்குள் அவள் புகழாவிட்டால் உளியையும் சுத்தியலையும் பிடுங்கிக்கொண்டு நாட்டைவிட்டே அனுப்பிவிட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

மன்னர் பூவராகனைக் கூப்பிட்டார். "நீ போய் அவளைச் சிரிக்க வைத்து, எப்படியாவது சம்மதிக்க வை."

பூவராகன் போனான். அங்காயி சிறைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுவரின் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் அந்த விகடரா?" என்றாள். "தினம் உங்களை நீங்களே திட்டிக்கிறீங்களாமே. அதுக்கு அரண்மனையில படியும் அளக்குறாங்களாமே."

"ஆமாம்மா."

"நல்ல வேலைதான். எங்க வீட்டுக்காரருக்கு அந்த வேலையை நான் சும்மாவே செய்யறேன்."

பூவராகன் சிரித்துவிட்டான். சிரிக்க வைக்க வந்தவன் சிரித்தது முறையல்ல என்று உடனே முகத்தைச் சரி செய்துகொண்டான்.

"நாலு வார்த்தைதானேம்மா. கஞ்சி கெட்டின்னு சொல்லிட்டுப் போயேன். யாரும் நம்பப் போறதில்லை."

"அதாங்க சங்கடம்." அவள் குரலைத் தாழ்த்திப் பேச முயன்றாள். அவளுக்கு அது வரவில்லை, காவலாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குக் கடை இருக்கா, கதவு இருக்கா? இந்தக் குரல்தான். அம்மி கொத்தலையோன்னு கூவுனா, அவளா, சரியா கொத்துவாள்னு கதவைத் திறக்கிறாங்க. இதே குரல்ல தண்ணியைக் கெட்டிக் கஞ்சின்னு கூவிட்டு, மறுநா அம்மி கொத்தலையோன்னா எவ திறப்பா? நீங்களே சொல்லுங்க."

பூவராகன் யோசித்துப் பார்த்தான். ஒழுங்காக, ஒவ்வொரு பக்கமாக யோசித்துப் பார்த்தான். எல்லாப் பக்கமும் அவள் சொன்னதே சரியாக இருந்தது.

"அப்ப நாடு விட்டுப் போறதுக்குச் சம்மதமா?"

"சம்மதம்னு யாரு சொன்னா? எங்க ஆத்தா கொத்துன அம்மி இந்த ஊர்ல பாதி வீட்டுல கிடக்கு. அதையெல்லாம் விட்டுப் போக மனசில்ல. ஆனா பொய்யைக் கூவிட்டு இங்க இருந்தும் பிழைக்க முடியாதே."

மறுநாள் சபையில் பூவராகன் எழுந்து, வழக்கப்படி தன்னில் தொடங்கினான். "மன்னா, என் தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க நேற்று என் மனைவி தட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக் கதவைத் திறந்து, 'யார் தட்டியது' என்று கேட்டார்." மன்னர் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்னே அவன் சொல்லிவிட்டான்: "அந்தக் காலித் தலைக்கு எட்டிய வரையில், அங்காயி மறுப்பது நியாயம் என்றே தோன்றுகிறது. தாங்கள் அவளை விடுவிக்க வேண்டும்."

சொன்னதும் தலைப்பாகையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

வீழிநாதர் எழுந்தார். "மன்னர் பெருமானே, அங்காயி விஷயம் இருக்கட்டும். இப்போது இந்தச் சபையில் ஒரு குற்றம் நடந்துவிட்டது. தங்கள் சோற்றைத் தின்று தங்களுக்கு ஊழியம் செய்யும் ஒருவரின் தலை காலி என்று, எல்லார் முன்னிலையிலும் ஒருவர் சொல்லிவிட்டார்."

"யார் தலை?" என்றார் மன்னர்.

"அரண்மனை விகடர் பூவராகன் தலை."

"சொன்னது யார்?"

"அரண்மனை விகடர் பூவராகன்."

சபை திகைத்தது. சபாபதியார் சட்டத்தை எடுத்து ஓரம்வரை படித்தார். தன்னைத் தானே இழிவுபடுத்தினால் குற்றமல்ல என்று அதில் எங்கும் இல்லை. சட்டப்படி வழக்கு அப்போதே நடந்தது. மானம் இழந்தவர் வலப்பக்கம் நிற்க வேண்டும், குற்றவாளி இடப்பக்கம் நிற்க வேண்டும். பூவராகன் இரண்டு பக்கமும் ஓடினான்.

"உன் தலை காலி என்று சொல்லப்பட்டதால் உன் மானம் இறங்கியதா?" என்று கேட்டார் சபாபதியார்.

வலப்பக்கம் நின்று, "எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, ஐயா. மன்னித்துவிட்டேன்" என்றான் பூவராகன்.

"மன்னிக்க உனக்கு உரிமை இல்லை. உன் மானம் அரசுடைமை. இந்தப் பக்கம் வா. நீ சொன்னது உண்மையா?"

இடப்பக்கம் வந்து மூச்சு வாங்கினான். "உண்மைதான் என்று நினைக்கிறேன், ஐயா."

"அதனால் நாட்டுக்கு நன்மை உண்டா?"

"அதைப் பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும்" என்று மறுபடி வலப்பக்கம் போகப் புறப்பட்டான். மன்னர் வாயைப் பொத்திக்கொண்டார். இருந்தாலும் சட்டம் அவர் போட்டது. சபாபதியார் தீர்ப்புச் சொன்னார்: நாளை உச்சிப்பொழுதுக்குள் பூவராகன் நான்கு முனைகளிலும் தன்னைத் தானே புகழ்ந்து, தான் இறக்கிய மானத்தை ஏற்ற வேண்டும். தவறினால் சிறை, பதவியும் போகும்.

வீழிநாதர் அதோடு விடவில்லை. "இவர் வாயில் வந்ததையெல்லாம் அளந்துவிடக் கூடாது. முரசு முழங்கச் சொல்கிற புகழ் பொய்யாக இருந்தால், சொன்னவர் யாராக இருந்தாலும் பதவி பறிக்கப்பட வேண்டும்."

அதுவும் ஆயிற்று. அவர் கணக்கு எளியது. உண்மையாகப் புகழ இவனிடம் ஒன்றும் இல்லை. பொய்யாகப் புகழ்ந்தாலும் போயிற்று. தப்பித் தவறித் தேறிவிட்டாலும், தன்னைத் தானே மெச்சிக்கொண்டவனைப் பார்த்து அதற்குப்பிறகு மன்னர் சிரிக்க மாட்டார்.

"ஐயா, மூன்று சந்தேகம்" என்றான் பூவராகன். "உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அங்காயி கஞ்சி கெட்டி என்று எப்படிச் சொல்வாள்?"

"கஞ்சி கெட்டி என்பது அரசாங்க உண்மை" என்றார் சபாபதியார்.

"யாராவது என்மேல் அழுகிய கத்தரிக்காய் எறிந்தால்?"

"புகழைத் தடுத்த குற்றம். சிறை."

"கேள்வி கேட்டால்?"

"புகழை விளக்கக் கேட்கும் கேள்வி தடுப்பதாகாது. பதில் சொல்ல வேண்டும்."

பூவராகன் கத்தரிக்காய்ப் பயம் தீர்ந்து வீட்டுக்குப் போனான். வேறு பயங்கள் அப்படியே இருந்தன.

சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி தைலம்மையிடம், "என்கிட்ட இருக்கிற நல்ல குணம் ஒண்ணு சொல்லேன்" என்றான்.

தைலம்மை அகப்பையைப் பானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். சோறு ஆறியது.

"அவசரமா வேணுமா?" என்றாள்.

"நாளைக்கு."

"தைரியசாலின்னு சொல்லலாமா?"

"போன வாரம் பல்லி விழுந்ததுக்கு நான்தானே மேடைமேல ஏறுனேன்?"

"சரி, கெட்டிக்காரர்?"

"பொய்யா இருந்தா பதவி போயிடும் தைலம்மை."

அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்குத் தெரிஞ்சு நீங்க குடிக்கிறதில்ல. சூதாடினதில்ல. அடுத்தவன் வரப்பை வெட்டினதில்ல. எங்க அண்ணன் அரிசிக்கடை வைக்கணும், அரண்மனை மூட்டையில நாலு தள்ளிவிடுங்கன்னு காலைப் பிடிச்சப்பவும் நீங்க செய்யலை. அதுகூட நல்ல குணம்னு இல்ல, பயம்தான். என்ன பண்றது, உங்ககிட்ட இருக்கிறதைத் தேடினா ஒண்ணும் அகப்படல. செய்யாததைச் சொல்லச் சொன்னா விடிய விடியச் சொல்லலாம்."

பூவராகன் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு ஆறிய சோற்றை முழுவதும் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வாங்கியும் சாப்பிட்டான்.

மறுநாள் காலை முதல் முனையில் முரசு முழங்கியது. பொழுதுபோகாத கொஞ்சம் பேர் கூடினார்கள். வீழிநாதர் பல்லக்கில் வந்து முன்வரிசையில் இருந்தார். பூவராகன் ஒரு கல்மேல் ஏறினான், வழுக்கினான், மறுபடி ஏறினான்.

"மக்களே, பூவராகன் நல்லவன்" என்றான்.

யாரோ 'ப்ச்' கொட்டினார்கள்.

"அவனிடம் என்ன நல்லது என்று நானும் தேடினேன். அவன் மனைவியும் தேடினாள். கிடைக்கவில்லை. ஆகவே அவன் செய்யாததைச் சொல்கிறேன். பூவராகன் ஏழைகளுக்குக் கொடுத்த அரிசியில் இதுவரை ஒரு பிடிகூட எடுத்ததில்லை. அவனுக்கு அந்தத் துணிவு கிடையாது. பூவராகன் மன்னர் கொடுத்த நெய்யை மிட்டாய்க் கடைக்கு அனுப்பியதில்லை. அவனுக்கு மிட்டாய்க் கடை வைத்த மைத்துனன் கிடையாது. கஞ்சியைச் சுவை பார்க்க மேலதிகாரி வந்துபோன பிறகு பானையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. அவன் குடம் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட உத்தமன் பூவராகன்."

ஒரு கிழவர் முதலில் கனைத்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வீழிநாதர் வாயைத் திறந்தார். முரசுக்காரன் அவரைப் பார்த்தான். குறுக்கிட்டால் சிறை என்ற விதி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் பூவராகனிடம் சரக்கு இல்லை. வியர்த்தது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தபோது, மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, ஒரு விளக்கம். பூவராகன், சத்திரத்து அரிசியில வெள்ளைக் கல்லைப் பொறுக்கிப் போட்டுக் கலக்கச் சொன்னாரா?"

"இல்லை" என்றான் பூவராகன். "சொன்னதில்லை."

"ஆகா, என்ன குணம்" என்றார் அவர்.

இரண்டாம் முனைக்குப் போவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. அவன் கல்மேல் ஏறும் முன்னரே கேள்விகள் தயாராக இருந்தன.

"ஏங்க, பூவராகன் சந்தைக்கு வர்ற கீரைக்காரிகிட்ட, சுங்கம்னு சொல்லி ரெண்டு கட்டு உருவுவாரா?"

"மாட்டான்."

"ஏரி மதகுக்குச் சுண்ணாம்பு அரைக்காம மண்ணை அப்பினாரா?"

"இல்லவே இல்லை."

"காவல் நேரத்துல கோட்டை வாசல்ல தூங்குனாரா?"

"அவன் தூங்குவது சபையில் மட்டும்தான்."

ஒவ்வொரு பதிலுக்கும் ஊர் கைதட்டியது. பல மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பூவராகனைப் புகழ வந்து வரிசையில் நின்றார்கள். தன்னை இவ்வளவு பேர் புகழ்ந்து அவன் பார்த்ததே இல்லை. அது தனக்காக அல்ல என்று தெரிந்திருந்தும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. நன்றாக இருந்ததற்காகத் தன்னைக் கடிந்துகொண்டான்.

செய்தி அரண்மனைக்குப் போயிற்று. விகடன் தன்னைப் புகழ்கிற வேடிக்கையைப் பார்க்க மன்னரே யானைமேல் புறப்பட்டு, நான்காம் முனைக்கு வந்து சேர்ந்தார். அந்த முனை சத்திரத்தின் வாசல். உச்சிவேளை. உள்ளே கஞ்சிப் பானை தயாராக இருந்தது. வெளியே தட்டு ஏந்திய கூட்டம்.

மன்னர் முன்னால் மறுபடி எல்லாம் கேட்கப்பட்டது. அரிசி, நெய், குடம், கல். எல்லாவற்றுக்கும் "பூவராகன் செய்ததில்லை" என்ற பதில். மன்னரின் முகத்தில் முதலில் புன்னகை இருந்தது. கேட்கக் கேட்க அது ஓய்ந்தது. இத்தனையும் செய்யாத ஒருவனைப் புகழ இத்தனை பேருக்கு எப்படித் தோன்றியது என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

வீழிநாதர் அதைக் கவனித்துவிட்டார். அவர் மடையர் அல்லர். 'என்னைத்தான் சொல்கிறார்கள்' என்று வழக்குத் தொடுக்கும் பிழையை அவர் செய்யவில்லை. இரண்டே எட்டில் கல்லின்மேல் ஏறி, பூவராகனின் தோளில் கைபோட்டார்.

"மக்களே, விகடரைப் புகழ்ந்தது பொருத்தம். நானும் இவற்றில் ஒன்றையும் செய்ததில்லை. என்னையும் சேர்த்துப் புகழுங்கள்."

முரசுக்காரனுக்கு வேலைதான் முக்கியம். புகழ் என்று காதில் விழுந்ததும் முழக்கினான்.

கூட்டம் பூவராகனைப் பார்த்தது. அவன் தோளில் இருந்த கையை மரியாதையாக இறக்கிவிட்டுச் சொன்னான்:

"அதிகாரி ஐயா, இறங்கிவிடுங்கள். முரசு முழங்கிவிட்டது. முரசு முழங்கச் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று தாங்கள்தானே நேற்று கேட்டு வாங்கினீர்கள். நானாவது பல்லிக்குப் பயந்தவன், எதுவும் செய்திருக்க முடியாது. தங்களுக்கு எல்லாத் திறமையும் உண்டு."

மூட்டை தூக்குகிறவர் மறுபடி கையை உயர்த்தினார். "ஒரு விளக்கம், மகாராசா. அதிகாரி குடத்துத் தண்ணி ஊத்தினதில்லைன்னா, ஒரு அகப்பை கஞ்சியைக் காட்டச் சொல்லுங்க. அதுவே புகழ்ந்துடும்."

மன்னர் யானையை விட்டு இறங்கினார். ஒரு வெண்கலக் கும்பாவில் கஞ்சி கொண்டுவரச் சொன்னார். ஒரு பரிசாரகன் கொண்டுவந்து நீட்டினான். மன்னர் குனிந்து பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். சபாபதியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பூவராகா" என்றார் மன்னர், தலையை நிமிர்த்தாமலே. "இது யார்?"

"தாங்கள்தான், மன்னா."

"எமது மீசையின் ஒரு பக்கம் கண்ணைக் குத்துகிறது. மறுபக்கம் மோவாய்க்குத் தொங்குகிறது. எப்போதிலிருந்து இப்படி?"

பூவராகன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். "தாங்கள் மாற்றி வைத்த நாளிலிருந்தே."

"எமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நாவிதன் தினமும் பிரமாதம் என்கிறானே. அரசி நேற்றுகூடப் பிரமாதம் என்றாளே."

"சொன்னால் சிறை, மன்னா. கண்ணாடிக்கே வாயைத் தைத்துவிட்டோம். ஊரில் தைக்காமல் விட்டது இந்தக் கஞ்சி ஒன்றுதான். அதைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னவளும் இப்போது உள்ளே இருக்கிறாள்."

மன்னர் மறுபடி கும்பாவுக்குள் பார்த்தார். தொங்குகிற பக்கத்தைக் கையால் தூக்கினார். விட்டார். அது விழுந்தது. "அன்றைக்கு வெற்றிலைக் கடையில் சிரித்தார்களே" என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் சிரித்தார். கும்பா ஆடிக் கஞ்சி தெறித்தது, உள்ளே இருந்த மன்னரும் ஆடிச் சிரித்தார். அதைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார். பிறகுதான் ஊர் சிரித்தது.

சிரித்து முடித்ததும், முரசு முழங்கப் பொய் சொன்னதற்காக வீழிநாதர் தம் விதிப்படியே பதவி இழந்தார். அதன்பின் மன்னர் பூவராகனைப் பார்த்து, "நீ கேட்டதைத் தருகிறேன், கேள்" என்றார்.

"அங்காயி."

"அவள் விடுதலை. சட்டத்தை என்ன செய்யலாம்?"

பூவராகன் தன் வழக்கப்படி தயங்கினான். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மன்னா. ஒன்று மட்டும் சொல்லலாம். மானம் போனது என்று நினைக்கிறவர் என்னைப் போலக் கல்மேல் ஏறித் தாமே ஏற்றிக்கொள்ளட்டும். ஊர் கேள்வி கேட்கட்டும். மானம் உள்ளவருக்கு ஏறிவிடும். சிறை வேண்டாம்."

அப்படியே சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப்பிறகு அந்தக் கல்மேல் ஏற வந்தவர்கள் மிகக் குறைவு என்று சொல்கிறார்கள். மன்னர் தம் கைக்காப்பைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டார். அது பெரிதாக இருந்ததால் முழங்கைவரை போய் நின்றது.

பூவராகனுக்கு ஒரு நஷ்டமும் வந்தது. மறுநாள் சபையில் எழுந்து, "மன்னா, நான் ஒரு மடையன்" என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "சேச்சே, அப்படிச் சொல்லாதீர்கள்" என்றார்கள். ஊர் முழுக்க ஏற்றிவிட்ட மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அவன் படாத பாடு பட வேண்டியிருந்தது. தலைப்பாகையைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு வந்தும் பார்த்தான். அதற்கும் ஏதோ ஆழ்ந்த பொருள் இருக்கும் என்று சபாபதியார் தலையாட்டினார்.

அப்படி அவன் விழித்துக்கொண்டு நின்ற ஒரு காலைப்பொழுதில், வெளியே தெருவிலிருந்து ஒரு குரல் சபைக்குள் வந்தது.

"அம்மி கொத்தலையோ அம்மி, ஆட்டுக்கல்லு கொத்தலையோ."

மன்னர் கையை உயர்த்தினார். சபை அமைதியாயிற்று. யாரோ ஒரு பெண் கதவைத் திறந்து அங்காயியிடம் சத்திரத்துக் கஞ்சி இப்போது எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி சபைக்குக் கேட்கவில்லை. பதில் நன்றாகக் கேட்டது.

"இப்பக் கெட்டிதான் தாயி. மூக்குத்தி தெரியல. உப்புத்தான் பத்தல. அந்த விகடரு வீட்டு அம்மியைக் கொத்தினேன், அவரு சொல்ற கதையைவிட அவரு பொண்டாட்டி சொல்றதுதான் சிரிப்பா இருக்கு."

சபாபதியார் பழக்கதோஷத்தில் எழுத்தாணியை எடுத்தார். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சபை சிரித்தது. பல நாளைக்குப் பிறகு எல்லாரும் பூவராகனைப் பார்த்துச் சிரித்தார்கள். பூவராகன் தலைப்பாகையைத் தடவிப் பார்த்தான், அது சரியாகத்தான் இருந்தது. மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்திரத்துக்கு ஒரு மூட்டை உப்பும், தைலம்மைக்கு ஒரு பட்டுச்சேலையும் அனுப்பச் சொன்னார். சேலைக்குப் புதுத்துணி தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிகளின்மேல் தைத்திருந்த பட்டுத்துணியை அன்றுதான் பிரித்திருந்தார்கள்.